பிறவிக்கடலும் கரையின் சேய்மையும்

பிறவியைக் கடலாகவும், அதனைக் கடத்தற்கு உதவுவதனைத் தோணியாகவும் புணையாகவும் உருவகித்தல் திருமுறைகளிற் பெருவழக்கு. கேட்டுப் பழகிய உருவகமாதலின், அதன்கண் உருவகிக்கப்பட்ட உறுப்புக்கள் எவை, விடப்பட்டன எவை என்னும் ஆராய்ச்சி பெரும்பாலும் நிகழ்வதில்லை. அதனால் ஓர் இடர்ப்பாடு விளைந்துளது. சொற்பொழிவு மேடைகளில் இவ்வுருவகத்தை விரித்துரைப்போருட் சிலர், உயிர் நிற்கும் கரை இஃது, இறைவன் நிற்கும் கரை அஃது, இடையே கிடப்பது அகன்ற கடல், சரியை முதலிய நான்கும் வழியிலுள்ள நான்கு துறைகள் என்று படம் வரைந்தாற்போல வகுத்துக் காட்டுகின்றனர். கேட்பதற்கு இனிதாகவே உளது. ஆயின் மெய்கண்டார் நூலைக் கற்றோர் செவிக்கு அஃது ஒவ்வுமோ என்பது ஆராயத்தக்கது.

ஒவ்வாமைக்குக் காரணம் வெளிப்படை. இறைவன் அக்கரையில் உள்ளான் எனின், இக்கரையில் இலன் என்பது போதரும். ஓரிடத்திருந்து ஓரிடத்து இலனாகிய பொருள் ஏகதேசப் பொருளாம். அத்துவிதம் என்னும் சொல் ஒருமையை உணர்த்துவதன்று, வேறன்மையை உணர்த்துவது என்று சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்து நாட்டப்பெற்ற கொள்கை, இப்படத்தின் முன் நிற்றற்கு இடமின்றிப் போகும். சிவபுராணமும் இறைவனுக்குப் போக்கும் வரவும் இல்லை என்றே ஓதுகின்றது. போக்குவரவில்லாத பொருளை நோக்கி உயிர் மட்டும் காதக் கணக்காகப் பயணஞ் செய்தல் யாங்ஙனம்? மறுபுறத்தார் இவ்வினாவை விடுப்பின், படம் வரைந்தார்க்கு விடை கூறுதல் அரிது.

இடர்ப்பாடு நூலளவில் நிற்பதுமன்று. அறுபது ஆண்டு திருநீறும் ஐந்தெழுத்துமாக வாழ்ந்த முதியோர் ஒருவர், தாம் இன்னும் முதற்றுறையைத் தாண்டவில்லை, எஞ்சிய கடல் பெரிது, எஞ்சிய வாழ்நாள் சிறிது என்று ஏங்குவாராயின், அவ்வேக்கம் திருமுறை தந்ததன்று. உருவகத்தை அளவின்றி நீட்டினார் தந்ததாம்.

இனி, நூல்களின்கண் உள்ளது யாது எனக் காண்க. திருக்குறட் கடவுள் வாழ்த்தின் இறுதிக் குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், பிறவியைப் பெருங்கடல் என்றதற்குக் காரணங் கூறுமிடத்து, அது காரணமும் காரியமுமாய்த் தொடர்ந்து கரையின்றி வருதலைக் காட்டுகின்றார். அகலம் பெரிதாகலின் என்று அவர் கூறிற்றிலர். அவ்வதிகாரத்து எட்டாங் குறளுரையில், இறைவனாகிய புணையைச் சேராதார் கரை காணாது அழுந்துவர் என்னுங் கருத்துப்பட எழுதி, இஃது ஏகதேச உருவகம் என்றும் குறிக்கின்றார். ஒன்றனை உருவகஞ் செய்து அதனோடியைந்த மற்றொன்றனைச் செய்யாது விடுவது ஏகதேச உருவகமாம். விடப்பட்டதனைப் படிப்போர் தாமே இட்டு நிரப்புங்கால் நூற்கொள்கைக்கு மாறாகாமை நோக்கல் வேண்டும். மேடைப் படம் வரைந்தோர் இட்டு நிரப்பியது சேய்மை. அதனை எந்த ஆசிரியரும் அவர் கையிற் கொடுத்திலர்.

திருநாவுக்கரசர் திருவொற்றியூரில் அருளிய திருநேரிசைப் பாடலொன்று இவ்வகையில் உற்று நோக்கத்தக்கது. மனம் தோணி. அறிவு கோல். சினம் சரக்கு. காமனாகிய பாறையில் அத்தோணி மோதிக் கவிழும்பொழுது, இறைவனை அறிய இயலாத நிலை நேருமாதலின், நினைக்கும் உணர்வை முன்னரே தந்தருளுக என்பது வேண்டுகோள். இவற்றுள் ஒவ்வோர் உறுப்பும் கடற்றொழில் அறிந்தார் கூறியதாகவே உளது. முதலிற் கோலைக் காண்க. அதற்குரிய வினையாகச் சுவாமிகள் வைத்தது ஊன்றுதல். துடுப்பு வலிக்கப்படும், ஊன்றப்படுவதில்லை. ஊன்றப்படுங் கோல் நிலத்தைத் தொட்டாலன்றித் தோணியைச் செலுத்தாது. கழியிலும் கரையோரத்திலும் நிலம் எட்டும். ஆழ்கடலில் எட்டாது. அறிவைக் கோல் என்றமையால் அவ்வறிவு செல்லும் எல்லையும் உடன் கூறப்பட்டது. பசுஞானம் தன் நீளத்தளவே துணையாவது, அதற்கப்பால் அது கையிலிருந்தும் இல்லாததே என்பது ஒரு சொல்லாற் பெறப்படுகின்றது.

அடுத்துச் சரக்கு. சினத்தைச் சரக்கென்றது நிரப்புதற்காகக் கூறியதன்று. பாரம் ஏறுந்தோறும் தோணி நீரிற் பெரிதும் அமிழும். வெறுந்தோணி மிதந்து கடந்துவிடும் நீர்மறைவுப் பாறை, நிறைதோணியின் அடியைக் கிழிக்கும். ஆகவே காமப்பாறையை எட்டச் செய்தது சினப்பாரமே என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் காரணம் காட்டியவாறாயிற்று. மதன் என்பதற்குச் செருக்கு எனப் பொருள் கொள்ளினும் இக்காரணமுறை கெடாது. மனமும் அறிவும் சினமும் காமமும் தனித்தனி உருவகிக்கப்பட்ட இப்பாடலில், கரைக்கும் தோணிக்கும் இடையேயுள்ள தொலைவு எதுவாகவும் உருவகிக்கப்படவில்லை. வேண்டப்பட்டதும் விரைந்து செல்லும் காற்றன்று, அருகிலுள்ள துறையுமன்று. உணர்வு ஒன்றே வேண்டப்பட்டது. கடலருகே கோயில் கொண்ட ஒற்றியூரில் நின்று பாடியவர், கல்லொடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறியவர், கடலின் அகலத்தை அறியாது விட்டார் என்று கூறுதல் பொருந்துமோ?

உவமையின் பொருத்தம் உவமைப் பொருளின் இயல்பறிந்தே துணியப்படும். ஆதலின் கடலிற் சேய்மை என்பது எத்தன்மைத்து என்பதும் நோக்கற்பாற்று. நிலத்திற் சேய்மை கால் அறியும். மைல்கல் உண்டு, மரம் உண்டு, கடந்த ஊர் பின்னும் கடவாத ஊர் முன்னும் உண்டு. கடலில் அடையாளம் ஒன்றுமில்லை. ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்திற் கண்ணுடையானுக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டர் அளவில் வளைந்து தோன்றும். 30 மீட்டர்ப் பாய்மரத்து உச்சியில் ஏறினால் அது 20 கிலோமீட்டர் அளவிற்கு விலகும். எத்துணை நாள் ஓடினும் அவ்வட்டத்தின் நடுவிலேயே கப்பல் நிற்கும். தொடுவானத்தைக் கொண்டு வழியளக்கப் புகுந்தவன் முதல்நாள் நின்றவிடத்தே இறுதிநாளும் நிற்பான். சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரம் பாசத்திற்குப் பேய்த்தேரை உவமையாக்கியது இங்கு நினைவுகூரத்தக்கது. கானலும் அணுகுந்தோறும் அகலும் சேய்மையே.

அதனாற் கடலோடிகள் தொலைவை நீட்டலளவையாற் கூறாது வேறு வகைகளாற் கூறினர். அராபிய மாலுமிகள் கொண்ட சாம் என்னும் அளவு மூன்று மணிநேர ஓட்டம். தமிழ்நாட்டுச் சாமமும் அக்கால அளவினதே. ஒரு துறை இத்தனைச் சாமம் என்பது, அத்தனை காலம் கழியவேண்டும் என்றவாறு. இதற்கும் நிலைபேறில்லை. காற்று மாறினால் அளவு மாறும். கப்பலின் வேகத்தை அறியப் பின்புறத்தே முடிச்சிட்ட கயிற்றில் மரத்துண்டொன்றை விட்டு, கயிறு ஓடும் விரைவைக் கணக்கிடும் முறை ஐரோப்பியரிடத்து நிலவியது. அம்மரத்துண்டு காட்டுவது நீரின்மேற் கப்பல் ஓடும் வேகமே. அந்நீர்தானே கப்பலையும் மரத்துண்டையும் ஒருங்கே ஏந்தி வேறொரு திசைக்கு இழுத்துச் செல்லுமாயின், அதனை அக்கயிறு காட்டமாட்டாது. தன் முயற்சியை மட்டும் கணக்கிட்டுத் தன்னிலை துணிவார்க்குத் தம்மைத் தாங்கி ஓடும் வினையின் ஓட்டம் தோன்றாமை இதனோடு ஒக்கும்.

தமிழ்க் கடலோடிகள் இராப்பலகை என்றும் அராபியர் கமால் என்றும் வழங்கிய கருவி இவற்றினும் சிறந்தது. அது சிறு மரப்பலகை. நடுவிலிருந்து முடிச்சுக்களுடைய கயிறு ஒன்று நீளும். கயிற்று முடிச்சைப் பல்லாற் பற்றிக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் பொருந்தும்படி நீட்டிப் பிடிப்பர். எந்த முடிச்சிற் பொருந்துகின்றதோ அதுகொண்டு எத்துறைக்கு நேரே நிற்கின்றோம் என்று அறிவர். நாகப்பட்டினத்தில் துருவமீன் ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் தோன்றும். எங்கெங்கோ சுற்றிவந்த கப்பலாயினும் அவ்வுயரம் காணப்பட்ட இடம் நாகைக்கு நேராகிய இடமே. கடந்து வந்த வழியின் நீளம் இங்கு வினாவப்படுவதே இல்லை. பெயராத ஒன்றனோடு தனக்குள்ள தொடர்பு யாது என்பதே வினா. துருவமீனும் முற்றும் பெயராததன்று, வானத்து முனைக்கு ஒரு பாகையினும் குறைந்த தொலைவில் அதுவும் இன்று சிறு வட்டமிடுகின்றது, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் அவ்வட்டம் மிகப் பெரிது என்பது வானநூலார் கண்டது. உவமை என்றும் ஒருபுடை ஒப்புமையே.

வடக்கு தெற்கு நிலையை மீன் காட்டும். கிழக்கு மேற்கு நிலையைக் காட்டவல்லது வானில் எளிதிற் கிடைத்திலது. 1707-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜிப்ரால்டரிலிருந்து இங்கிலாந்துக்கு மீண்ட பிரித்தானியக் கடற்படையொன்று, கிளௌடெஸ்லி ஷோவெல் என்னும் தளபதியின்கீழ், தன் நிலையைப் பிழைபட மதித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் இரவில் மோதிற்று. நான்கு போர்க்கப்பல்கள் அழிந்தன. ஆயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர், தளபதியும் மாண்டார். தாயகம் அண்மையில் இருந்தது. பாறை அதனினும் அண்மையில் இருந்தது. இரண்டும் அறியப்பட்டில. அம்மாலுமிகட்குக் கேடு செய்தது தொலைவு அன்று. அண்மையை அறியாமையே கேடு செய்தது. ஒற்றியூர்ப் பாடல் பாறை மோதுங்காலத்து அறிய இயலாமையை ஏன் அத்துணை அழுத்திக் கூறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த விளக்கம் வேண்டுவதின்று.

1714-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தீர்க்கரேகை காணும் வழிக்குப் பெரும்பரிசில் விளம்பியது. ஜான் ஹாரிசன் என்னும் தச்சர் மகனார் செய்த கடிகாரம் 1761-இல் ஜமைக்காவிற்குச் செல்லும் கப்பலில் ஏற்றப்பட்டு, ஏறத்தாழ 80 நாட்களில் ஒரு சில நொடிகளே பிழைத்தது. அதன் இயல்பு வியக்கத்தக்கது. புறப்பட்ட துறையின் பொழுதை அக்கடிகாரம் மாறாது காட்டும். கப்பல் நிற்குமிடத்து நண்பகலைக் கதிரவன் காட்டுவான். இரண்டிற்குமுள்ள வேற்றுமை தொலைவைத் தரும். நெடுந்தொலைவிலுள்ள துறையின் பொழுது கப்பலின் உள்ளேயே உடன்வந்தது. அதனை நோக்கியபொழுது சேய்மை விளங்கிற்று. நோக்காதபொழுது அது உடனிருந்தும் பயனின்றிக் கிடந்தது. உயிர்க்குயிராய் நிற்கும் பொருளை இக்கடிகாரத்தோடு ஒப்பிடுதல் அளவுகடந்ததாகலாம். ஆயினும் உடனிருத்தலும் அறியாமையும் ஒருங்கு நிகழ்தல் கூடும் என்பதற்கு இஃது ஏற்ற காட்டு. இக்காலத்து விண்ணிற் சுழலும் செயற்கைக்கோள்களும் கப்பலுக்குத் தருவது நிலையறிவே. அவை கப்பலை ஓர் அடியேனும் இழுப்பதில்லை.

இனித் திருச்சதகத்தை நோக்குக. பிறவிக்கடலின் அலையால் எற்றுண்டு, மாதராகிய காற்றாற் கலக்குண்டு, காமமாகிய சுறாவின் வாய்ப்பட்டு, ஐந்தெழுத்தாகிய புணையைப் பற்றிக் கிடந்த தம்மை இறைவன் ஆட்கொண்ட வகையை மாணிக்கவாசகர் ஆங்குக் கூறுகின்றார். புணைமேல் அவர் நீந்தியதாகவோ துடுப்பிட்டதாகவோ கூறிற்றிலர், கிடந்ததாகவே கூறினர். இறைவன் செய்தது கரை சேர்த்தல் என்று அவர் பாடியிருப்பின் மேடைப் படத்திற்கு ஒருவாறு துணையாகும். அவர் பாடியதோ இறைவன் கரையைக் காட்டினான் என்பது. காட்டுதல் கண்ணுக்குரிய உதவி. அக்கரைக்கு முதலும் முடிவும் இல்லை என்றும் அடைகொடுத்தனர். முதலும் முடிவும் உடைய கரைக்கே ஓரிடத்திலிருந்து தொலைவு உண்டு. அவை இல்லாத கரைக்கு எவ்விடத்திலிருந்து எத்தொலைவு கூறுவது? அவ்வடையைச் சிறப்புப் பற்றி வந்த வெறும் புகழ்மொழி எனக் கருதி விடுதல் பாட்டின் உயிர்நிலையைக் கைவிடுவதாம்.

அற்றேல், சரியை கிரியை யோகம் ஞானம் என்னும் படிமுறையும், இருவினையொப்பு மலபரிபாகம் சத்திநிபாதம் என்னும் வரன்முறையும் என்னாம், அவை தொலைவே அல்லவோ எனின், இவ்வினா எளிதிற் தள்ளத்தக்கதன்று. முன்பின் என்னும் முறை சித்தாந்தத்தில் உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆயின் முன்பின் எல்லாம் இடம் பற்றியன அல்ல. காய் பழமாதற்குக் கிளையை விட்டு ஓரடியும் நகர்வதில்லை. பரிபாகம் என்னுஞ் சொல்லே பக்குவத்தைக் குறித்தது, பயணத்தைக் குறித்ததன்று. மாலுமி சேய்மையைச் சாமத்தால் எண்ணினாற்போல, இங்கும் எஞ்சியிருப்பது காலமே. அக்காலமும் தன் முயற்சிக் கணக்கால் துணியப்படாது, திருவருள் நோக்கால் துணியப்படுவது. மெய்கண்டார் பன்னிரு சூத்திரத்துள் ஒன்றிலேனும் கப்பலை எடுத்தாளவில்லை. எட்டாஞ் சூத்திரத்தில் அவர் கொண்டது வேடரிடை வளர்ந்த அரசகுமாரன் உவமை. அவன் அரசகுமாரனாதற்கு எங்கும் செல்லவேண்டியிருந்ததில்லை, உணர்த்துவார் ஒருவரே வேண்டியிருந்தது.

இத்துணையும் கூறியதனால் கடலுருவகம் சித்தாந்தத்திற்கு ஆகாது என்று கருதற்க. முயற்சி எவ்வகையது என்பதனைத் திருமுறைகளில் வரும் கோல்களே பிரித்துக் காட்டுகின்றன. ஒற்றியூர்ப் பாடலில் அறிவாகிய கோலைக் கவிழும் தோணியில் வைத்த அதே திருநாவுக்கரசர், தனித் திருக்குறுந்தொகையில் விறகினுள் தீயையும் பாலினுள் நெய்யையும் இறைவனுக்கு உவமையாக்கி, உறவாகிய கோலை நட்டு உணர்வாகிய கயிற்றாற் கடையும்படி பணிக்கின்றார். முன்னைய கோல் நிலத்தை உதைத்து அப்பாற் செல்வதற்கு. பின்னைய கோல் நின்றவிடத்தே நடப்படுவதற்கு. பாலுக்கும் நெய்க்கும் இடையே தொலைவு இல்லை, கடைதல் மட்டும் உண்டு. ஒருவர் வாக்கிலேயே இரு கோலும் வருதலின் இவ்வேறுபாடு தற்செயலானதன்று எனத் துணியலாம்.

மூன்றாவது கோல் பெரியபுராணத்தில் உளது. திருக்கொள்ளம்பூதூரை அணுகிய ஞானசம்பந்தர், ஆற்றில் வெள்ளம் பெருகி ஓடக்காரர் ஓடங்களை விட்டு நீங்கியிருக்கக் கண்டு, ஓடமொன்றை அவிழ்த்து அடியாரை ஏற்றிப் பதிகம் பாடினார். ஓடம் சென்றது. சேக்கிழார் அங்கு நாவன்மையே கோலாயிற்று என்று உரைக்கின்றார். நிலம் எட்டாத வெள்ளத்தில் மரக்கோல் பயன்படாமை ஓடக்காரர் நீங்கியதனாலேயே தெரியவந்தது. பயன்பட்ட கோல் எட்டவேண்டிய நிலம் ஆற்றினடியில் இல்லை. ஒற்றியூர்ப் பாடலின் கோலொடு சேர்த்துப் படித்தால் இவ்விடம் பெருஞ்சுவை பயக்கும். உரை காண்போர் இரண்டனையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டாமை ஒரு குறையே.

அவதரித்த ஊர் தோணிபுரம் எனப் பெயர்பெற்றதும் இங்குக் கருதத்தக்கது. பேரூழி வெள்ளத்தில் தோணியில் எழுந்தருளிய பெருமானே காழியில் தோணியப்பர். அடைவிக்கும் தோணியும் அடையப்படும் பொருளும் ஓரிடத்தே வழிபடப்படுகின்றன. படம் வரைவோர் இக்கோயிலை எக்கரையில் வரைவர்?

நாகப்பட்டினத்து நுளையர் குலத்து அதிபத்தர் வரலாறோ இன்னும் நேரானது. நாள்தோறும் கிடைத்த மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டவர் அவர். ஒரு மீனே கிடைத்த நாளிலும் அதனை விட்டு வறுமையுற்றார். பின்னொருநாட் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்றே வலைப்பட, அதனையும் விட்டார். இறைவன் விடைமேல் வெளிப்பட்டது கோயிலிலன்று, கரையிலுமன்று. வலையும் படகும் இருந்த கடலின்மேல் வானிலேயே வெளிப்பட்டான். அவர் கரைக்குத் திரும்பும்வரையும் இறைவன் காத்திருந்தானல்லன். நாகைக் காரோணத்தில் ஆவணித் திங்கள் ஆயிலியத்தன்று நிகழும் அவர் விழாவில் இன்றும் பொன்மீன் கடலில் விடப்படுகின்றது.